பாலிமர் சாரமும் உலோகமும் சேரும் இடத்தில் நேரும் தவறுகள்

எலும்பில் பொருத்தும் உலோகத்தோடு பாலிமர் சாரத்தை, அதாவது எலும்பு பற்றி வளர உதவும் துளைகள் கொண்ட தாங்கியை, சேர்க்கும்போது நேரும் தவறுகளைப் பற்றியது இது. பாம்பன் கரையில் பழுது பார்க்க ஏற்றியிருந்த ஃபைபர் படகிலிருந்து கழற்றிய துருப்பிடிக்காத எஃகு போல்ட் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். வெளியே தெரிந்த தலை பளபளப்பாகவே இருந்தது. ஃபைபருக்குள் மறைந்திருந்த தண்டிலோ ஊசியால் குத்தியதுபோலக் குழிகள் விழுந்திருந்தன. இடுக்கில் தேங்கிய உப்புநீரில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால், உலோகத்தைக் காக்கும் ஆக்சைடு படலம் சிதைந்த இடத்தில் மீண்டும் உருவாகாமல் போனதன் விளைவு அது. கடல்நீரில் உப்பு ஏறத்தாழ 3.5 சதவீதம், நம் உடல்நீரில் 0.9 சதவீதம்; குறைவானாலும் இதே அரிப்பு உடலுக்குள்ளும் நேரலாம். ஆகவே, பாலிமர் பூசிவிட்டால் எலும்பில் பொருத்தும் உலோகத்துக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடும் என்று எண்ணுவதே முதல் தவறு. சரியாக ஒட்டாத பூச்சு அத்தகைய இடுக்கைத் தானே உண்டாக்கிவிடும்.

வழவழப்பான டைட்டானியத்தின்மேல் உருக்கி ஊற்றிய பாலிகாப்ரோலாக்டோன் என்ற மென்மையான பாலிமர் ஈரம் பட்டபின் எளிதில் உரிந்துவிடும். உலோகப் பரப்பைத் துகள் வீசிச் சொரசொரப்பாக்க வேண்டும். அதைவிட நல்லது, உலோகத்தையே முப்பரிமாண அச்சில் துளைகளோடு அச்சிட்டுப் பாலிமரை அவற்றுக்குள் ஊடுருவவிடுவது. இதில் இன்னொரு பயனும் உண்டு. டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). கெட்டியான எலும்புக்கு 20க்குள். இந்தப் பாலிமருக்கோ ஒன்றுகூட இல்லை. திண்மமான தகட்டின்மேல் மென்மையான சாரத்தைப் போர்த்தினால் பாரத்தில் பெரும்பகுதியைத் தகடே தாங்கும். வேலையற்றுப்போன எலும்பு மெலியும். விறைப்பைக் குறைக்க வேண்டிய இடம் உலோகமே; துளைகள் அதைத்தான் செய்கின்றன.

வாடைக்காலத்தில் எங்கள் கரையோரக் காற்றில் திறந்து வைத்த, சாரத்தை அச்சிட உதவும் இன்னொரு பாலிமரான பாலிலாக்டிக் அமிலத்தின் இழைச்சுருள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். 200 டிகிரியை ஒட்டிய அச்சு நுனியில் சடசடவென ஓசை கேட்டால், நீராவி கிளம்புகிறது, மூலக்கூறுச் சங்கிலிகளும் அறுபடுகின்றன என்று பொருள். 50 டிகிரியை ஒட்டிய சூட்டில் சில மணி நேரம் உலர்த்திய பிறகே அச்சிட வேண்டும்.

உலோகத்துக்குப் பழகிய கையோடு, சேர்த்த பொருளையும் 121 டிகிரி நீராவியில் கிருமிநீக்கம் செய்துவிடுகிறார்கள். பாலிகாப்ரோலாக்டோன் 60 டிகிரியிலேயே உருகிவிடும். குறைந்த சூட்டில் கிருமிநீக்கும் எத்திலீன் ஆக்சைடு வாயு பொருந்தும். ஆனால் தங்கிய வாயு வெளியேறக் காற்றோட்டத்தில் போதிய நேரம் வைக்க வேண்டும்.

உலர்ந்த நிலையில் இழுத்துப் பார்த்து வலிமையைக் குறித்துக்கொள்வதோடு நிறுத்துவதும் பிழையே. 37 டிகிரி உப்புக்கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, பாரத்தை ஏற்றி இறக்கி, பிறகு மாதிரியைக் குறுக்கே அறுத்து, இரண்டு பொருள்களும் சேரும் கோட்டை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும்.