ஆண்டு மொத்தம் சரி, மாத மொத்தம் தப்பு

சிறு தொழிலுக்குக் கணக்கு மென்பொருள் தேர்ந்தெடுக்க, பழைய எக்செல் பதிவுகளைச் சோதனைப் பதிப்புகளில் ஏற்றிப் பார்த்தேன். ஒன்றில் ஆண்டு மொத்தம் துளியும் பிசகவில்லை. மாத விற்பனை மட்டும் தாறுமாறு. வரி விகிதத்தை மாற்றினேன், தொடக்க இருப்பைத் திரும்பப் போட்டேன். ஒன்றும் அசையவில்லை.

தவறான பதிவுகளை மட்டும் தனியே பிரித்தபோதுதான் பிடிபட்டது: எல்லாமே 1 முதல் 12 வரையிலான தேதிகள். 12-க்கு மேல் ஒன்றுகூட இல்லை. 4/4, 7/7 போன்றவையும் தப்பித்திருந்தன. மார்ச் 5 என்று நான் எழுதிய 05/03-ஐ மென்பொருள் மே 3 என்று படித்திருக்கிறது. 25/03 வந்தால் 25-ஆவது மாதம் கிடையாதே, அங்கே மட்டும் சரியாகப் படித்துவிட்டது!

தேதிகளை 2024-03-05 என்று ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தர வடிவத்துக்கு மாற்றி ஏற்றியதும் மாதங்கள் ஒத்துப்போயின. அப்பாடா. ஆனால் வாங்கியது, ஏற்றும் முன்பே தேதி வடிவத்தைக் கேட்கும் வேறொன்றை.