பழவேற்காடு போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்து உறவினர், நண்பர் என்று யாரையாவது அடிக்கடி பழவேற்காட்டுக்குக் கூட்டிப் போகிறேன். தொப்பி, தண்ணீர், சில்லறை பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை.

பதினொரு மணிக்குப் போய் இறங்குவது

அதற்குள் மீன் ஏலம் முடிந்து ஐஸ் பெட்டிகள் வண்டி ஏறியிருக்கும். விடிந்ததும் அங்கே இருந்தால், கொடுக்குகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய நண்டுகளை ஏலக்காரர் தூக்கிக் காட்டி விலை கூவுவதைக் கிட்ட நின்று பார்க்கலாம்.

"அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போங்க"

எனக்கு இன்னும் எரிச்சல் வருவது இதில்தான். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை. தெரிந்தும் கேட்கிறார்கள். சென்ற முறை ஒரு குடும்பம், மாட்டேன் என்ற பெரியவரிடம் ஐந்நூறு, எண்ணூறு என்று ஏற்றிக்கொண்டே போனது. கைக்குழந்தை வேறு, லைஃப் ஜாக்கெட் என்ற பேச்சே இல்லை. அவர் வலையிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. நல்ல வேளை.

ஏரி பல இடங்களில் இடுப்பளவுதான், உண்மை. ஆனால் ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்துப் பக்கம், ஓதம் வற்றும்போது, அதாவது கடல்மட்டம் இறங்கும்போது, தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். கரையில் நிற்பவருக்கு அது தெரியாது.

இன்னொன்றையும் யாரும் யோசிப்பதில்லை. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைப் 'பாடு' என்ற முறைப்படி, சீட்டுக் குலுக்கிப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். இன்று ஒருவர் முறை, நாளை இன்னொருவர் முறை. உங்கள் சவாரிப் படகு அன்று முறை உள்ளவரின் வலையைக் கிழித்தால் அவருடைய முறை போச்சு. போலீஸ் வந்தாலும் மாட்டுவது படகுக்காரர். நீங்கள் காரில் ஏறிவிடுவீர்கள்.

மே மாதத்தில் பூநாரை தேடுவது

குளிர்காலத்தில் வாருங்கள்.

கோட்டையை நம்பி வருவது

1613இல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்டிரியா கோட்டை இன்று முட்புதரும் மண்மேடும்தான். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். ஆனால் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். 17ஆம் நூற்றாண்டுக் கல் வேலைப்பாடு உள்ளேதான் இருக்கிறது.

மேகமூட்ட நாளில் பள்ளிவாசலின் நிழல் கடிகாரத்தைப் பார்க்கப் போவது

சொல்லவே வேண்டாம்.

பனையோலைப் பெட்டிக்குப் பேரம் பேசுவது

பேசாதீர்கள். பின்னும் பெண்களுக்குக் கிடைப்பதே கொஞ்சம்.