பேரிடர் மேலாண்மையைப் புவித்தகவலோடு நடத்த ஆசிரியர் தேடுகிறீர்களா? நேர்காணலை இப்படி நடத்திப் பாருங்கள்

புவித்தகவல் என்றால் செயற்கைக்கோள் படமும் கணினி வரைபடமும். இந்தப் பணிக்கு வரும் விண்ணப்பங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. சிலர் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் பிரிவு பிரிவாகச் சொல்வார்கள். வரைபடத்தைத் திறந்து கொடுத்தால் கை ஓடாது. சிலருக்கு மென்பொருள் தண்ணீர் பட்ட பாடு. அந்த வரைபடத்தை வைத்துத் தாசில்தார் என்ன செய்வார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். வெறும் கேள்வி பதிலில் இரண்டு பேருமே தேறிவிடுவார்கள். எங்கள் துறைக்கு ஆள் எடுத்தபோது நாங்கள் வகுத்துக்கொண்ட முறையை இங்கே தருகிறேன். சான்றிதழ், நெட் தேர்வு, இடஒதுக்கீடு போன்றவற்றை அலுவலகம் பார்த்துக்கொள்ளும் என்பதால் அதற்குள் போகவில்லை.

1. ஒரே ஒரு பேரிடரை எடுத்துக்கொள்ளுங்கள்

நாங்கள் எடுத்தது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் வந்த வெள்ளம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. மழை. தாமிரபரணி, வரிசையாகக் குளங்கள், பிசானப் பருவ நெல் வயல்கள், கடலோர உப்பளங்கள், நடுவே ஊர்கள் என்று எல்லாம் ஒரே படத்துக்குள் இருப்பதால் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. எந்த நிகழ்வு என்பதை வேட்பாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிமாநிலத்தவர் என்பதற்காக யாரும் பின்தங்கக் கூடாது.

2. தரவை நீங்களே தயார் செய்து கொடுங்கள்

சென்டினல்-1 செயற்கைக்கோளின் ரேடார் படத்தை இறக்கி, அதைச் சரிசெய்யும் ஸ்னாப் மென்பொருளில் திருத்தச் சொன்னால் கல்லூரி ஆய்வகக் கணினி திணறும். நேர்காணல் நேரம் அதிலேயே கரைந்துவிடும். வெட்டிச் சரிசெய்த படங்கள், தாலுகா எல்லை, குளங்களைக் காட்டும் வரைபட அடுக்கு ஆகியவற்றை ஒரே கோப்புறையில் போட்டுவிடுங்கள். வரைபடத்துக்கு இலவச மென்பொருளான க்யூஜிஐஎஸ் போதும். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள் தெரிந்தவர்தான் வேண்டும் என்று கேட்பதை நான் ஏற்பதில்லை. மாணவர் வீட்டுக்குப் போய்த் திறந்து பார்க்க முடியாத கருவியில் பாடம் நடத்தி என்ன பயன்? செயற்கைக்கோள் படங்களை இணையத்திலேயே அலசும் கூகுள் எர்த் எஞ்சின் நல்ல கருவிதான். ஆனால் வெள்ளத்துக்கான ஆயத்த நிரல்கள் இணையத்தில் நிறையக் கிடைப்பதால் நேர்காணலுக்கு ஒத்துவராது.

3. படத்தை வாசிக்கச் சொல்லுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இதுதான். வெள்ளத்துக்குப் பிந்தைய படம் ஒன்று கொடுங்கள். முந்தைய படம் இரண்டு கொடுங்கள்: ஒன்று மே மாதத்தது, மற்றது டிசம்பர் தொடக்கத்தது. எதனோடு ஒப்பிடுவது என்று அவரே முடிவு செய்யட்டும். மே மாதப் படத்தை எடுத்தால், வடகிழக்குப் பருவமழையில் வழக்கம்போல நிரம்பிய குளமெல்லாம் வெள்ளமாகக் கணக்கில் ஏறிவிடும். இதைத் தயங்காமல் சொல்பவருக்கு அந்த நிலத்தின் பருவம் பிடிபட்டிருக்கிறது என்று பொருள்.

அப்புறம் கறுப்பாகத் தெரிவதையெல்லாம் வெள்ளம் என்கிறாரா என்று கவனியுங்கள். அமைதியான நீர்ப்பரப்பில் பட்ட ரேடார் அலை வேறு பக்கம் தெறித்துவிடுவதால் அந்த இடம் கறுக்கிறது. தூத்துக்குடி உப்பளமும் அப்படித்தான் தெரியும். நடவுக்கு நீர் கட்டிய வயலும் அப்படித்தான். வெள்ளம் புகுந்த தெருவோ பல சமயம் வெளுத்துத் தெரியும். தண்ணீரில் பட்ட அலை வீட்டுச் சுவரிலும் பட்டுத் திரும்பிவிடுவதே காரணம். மக்கள் உண்மையில் தவித்துக்கொண்டிருக்கும் இடத்தை வரைபடம் “வெள்ளம் இல்லை” என்று காட்டக்கூடும். கேட்காமலே இதை எடுத்துச் சொல்லும் வேட்பாளரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பரப்பளவு கணக்கிடச் சொல்வதும் இதே படியில்தான். எங்கள் குழுவுக்குள்ளேயே நீண்ட விவாதம் நடந்தது இங்கேதான். மீட்டரில் அளப்பதற்காக உலகை 6 டிகிரி அகல மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையில், மண்டலம் 43-ம் 44-ம் பிரியும் 78 டிகிரி தீர்க்கரேகை இந்த வெள்ளப் பகுதியின் ஊடே போகிறது. ஸ்ரீவைகுண்டம் 43-இல் வரும். கொஞ்சம் கிழக்கே போனால் ஏரல் 44-இல் வரும். அப்படியானால் எதை எடுப்பது? முழுப் பகுதிக்கும் 44 வடக்கு, அதாவது மென்பொருளில் ஈபிஎஸ்ஜி 32644 என்ற குறியீட்டு எண்ணை வைத்துக்கொண்டால் போதும்; எல்லை தாண்டிச் சற்று நீள்வதால் வரும் பிழை சொற்பம். பாதியை 43-லும் பாதியை 44-லும் போட்டுக் குழப்புவதும், பரப்பளவை டிகிரியிலேயே கணக்கிடுவதும்தான் தவறு. பரப்பளவு மாறாமல் காட்டும் வரைபட முறை (சமபரப்பு வீழ்ப்பு) ஒன்றைத் தேர்ந்து காரணமும் சொன்னால் முழு மதிப்பெண் கொடுங்கள்.

4. “காலையில் படகை எங்கே அனுப்புவது?”

வரைபடம் தயாரானதும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஒரு இடத்தைச் சட்டென்று சுட்டிக்காட்டுபவரைவிட, “இந்தப் படம் எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது?” என்று திருப்பிக் கேட்பவரே மேல். அப்போது இயங்கியது சென்டினல்-1ஏ மட்டும்தான். அதன் இணைக்கோளான 1பி 2021 டிசம்பரிலேயே செயலிழந்துவிட்டது. அதனால் அதே பாதையில் மறுபடி படம் கிடைக்க 12 நாள் ஆனது. எனவே வெள்ளம் உச்சத்தில் இருந்த நேரமும் படம் எடுத்த நேரமும் ஒன்றாக அமைவது அரிது. அந்த வெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. இதைச் சொல்லி, அவர்கள் இருப்பது இந்தப் படத்தில் தெரியுமா என்று கேளுங்கள். விஏஓ, ரயில்வே, மின்வாரியம் என்று யாரிடம் எந்தத் தகவலைக் கேட்டு வரைபடத்தில் ஏற்றுவார் என்பதிலிருந்து பேரிடர் மேலாண்மை அவருக்கு எவ்வளவு தெரியும் என்பது விளங்கிவிடும்.

5. மாதிரி வகுப்பு, உண்மையான மாணவர்களுக்கு

பேராசிரியர்கள் பெஞ்சில் உட்கார்ந்து மாணவர்போல் கேள்வி கேட்பது வேண்டவே வேண்டாம். முதலாமாண்டு மாணவர்களை உட்கார வையுங்கள். 20 நிமிடம் போதும். தலைப்பு: ரேடார் படத்தில் வெள்ளத்தை எப்படி அறிவது. வகுப்பு முடிந்ததும், புரிந்ததை இரண்டு வரியில் பெயர் போடாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். “கறுப்பு என்றால் தண்ணீர்” என்று மட்டும் எழுதியிருந்தால் பாடம் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. “கறுப்பாக இருந்தாலும் உப்பளமா என்று பார்க்க வேண்டும்” என்று நாலு பேர் எழுதியிருந்தாலும் நல்ல ஆசிரியர் கிடைத்துவிட்டார்.

மதிப்பெண்: மாதிரி வகுப்புக்கு 40, படம் வாசிப்புக்கு 30, படகுக் கேள்விக்கு 20, மென்பொருள் வேகத்துக்கு 10. கடைசி 10-ஐ அதற்கு மேல் உயர்த்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பொத்தான்களை ஒரு பருவத்தில் பழகிக்கொள்ளலாம்.

பின்சேர்க்கை: ஆய்வகத்தில் ஓடுகிற கணினியே இல்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். மூன்று படங்களையும் பெரிய தாளில் அச்சிட்டு, ஸ்கெட்ச் பேனாவால் வெள்ள எல்லையை வரையச் சொல்லுங்கள். மூன்றாவது, நான்காவது படிகளுக்கு அதுவே போதும்.

மலை மாவட்டக் கல்லூரி ஒன்றிலிருந்து நிலச்சரிவுக்கு இது பொருந்துமா என்று கேட்டார்கள். அமைப்பு பொருந்தும், தரவை மாற்ற வேண்டும். 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவை எடுத்து, எஸ்ஆர்டிஎம் எனும் விண்வெளி ரேடார் அளவீட்டின் 30 மீட்டர் உயரத் தரவும் ஓடைகளின் அடுக்கும் கொடுங்கள். அந்த உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எடுத்தது, மர உச்சிகளின் உயரமும் அதில் கலந்திருக்கும் என்பதைச் சொல்கிறாரா என்று பாருங்கள். சரிந்த சரிவை மட்டும் காட்டிவிட்டு நிறுத்தினால், மண்ணும் பாறையும் ஓடை வழியாக எதுவரை இறங்கும் என்று வரையச் சொல்லுங்கள். முண்டக்கையும் சூரல்மலையும் சிக்கியது அந்தப் பாதையில்தான்.