வலிப்பு வந்தவர் கையில் சாவி எதற்கு?

பேருந்து நிலையத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்து விழுந்தால் முதலில் எழும் குரல், "யாராவது இரும்பு குடுங்கப்பா!" என்பதுதான். சாவிக்கொத்து வரும், கையில் திணிப்பார்கள், சற்று நேரத்தில் வலிப்பு அடங்கும். இரும்புதான் நிறுத்தியது என்று நம்பிக்கொண்டு கூட்டம் கலையும். உண்மையில் பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும். மூளை நரம்பணுக்களில் கட்டுக்கடங்காமல் பாயும் மின்துடிப்பு அது. உள்ளங்கையில் இருக்கும் இரும்புக்கு அங்கே வேலையே இல்லை. சாவியைத் தேடி எடுப்பதற்குள் வலிப்பு அடங்கும் நேரமும் வந்துவிடுகிறது.

சாவியையாவது பொறுத்துக்கொள்ளலாம். வாய்க்குள் கரண்டியைச் செருகுவது ஆபத்து. நாக்கை யாராலும் விழுங்க முடியாது. ஓரத்தில் கடிபட்டால் ஆறிவிடும். கரண்டியில் உடைந்த பல் மூச்சுக்குழாய்க்குள் போனால் என்ன செய்வது? நினைவு திரும்பும் முன் தண்ணீரோ சோடாவோ புகட்டுவதும் அப்படித்தான். கைகாலை அமுக்கிப் பிடித்தால் தோள்மூட்டு விலகலாம்.

மணியைப் பாருங்கள். தலைக்கடியில் துண்டை மடித்து வையுங்கள். துடிப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வழிந்துவிடும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ, விழுந்தவர் கர்ப்பிணி என்றாலோ, இதுதான் முதல் தடவை என்றாலோ உடனே 108ஐ அழையுங்கள்.

வீட்டுக்குள் நடக்கும் தவறு வேறு. "ஒரு வருஷமா வரவே இல்லையே, இன்னும் எதுக்கு மாத்திரை?" வராமல் இருப்பதே மாத்திரையால்தான். குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது வலிப்பே இல்லாமல் போன பிறகுதான் மாத்திரையை நிறுத்துவது பற்றி மருத்துவர் யோசிப்பார். அப்போதும் படிப்படியாகத்தான் குறைப்பார். சட்டென்று நிறுத்தினால் விடாத வலிப்பில் உயிரே போகலாம். கல்யாணவீட்டுக் கண்விழிப்பு, இரவுப் பேருந்துப் பயணம், ஊரில் மறந்து வைத்த மாத்திரை மூன்றும் சேரும் நாளில்தான் பலருக்கு மறுபடி வருகிறது. மாத்திரை கைப்பையிலேயே இருக்கட்டும்.

வகுப்பில் சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கும் பிள்ளையை "பராக்கு பாக்குறா" என்று திட்டாதீர்கள். அதுவும் ஒரு வகை வலிப்பாக இருக்கலாம்.

என் மனதை மிகவும் அறுப்பது, சொல்லாமல் செய்து வைக்கும் கல்யாணம். இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பைத் தடையாகச் சொன்ன வார்த்தையை 1999இல் நீக்கிவிட்டார்கள். ஆனாலும் பெண்ணின் மாத்திரை அட்டையைப் புடவை மடிப்பில் ஒளித்து அனுப்புகிறோம். புகுந்த வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அவள் ஒரு வேளை விடுவாள், பிறகு ஒரு நாள். வால்ப்ரோயேட் போன்ற மாத்திரை வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கக்கூடியது. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மாற்றிக்கொள்ள வேண்டும். ஒளித்துச் சாப்பிடுகிறவள் யாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போவாள்? கணவனுக்குத் தெரிந்திருந்தால்தான் குளியலறைக் கதவைத் தாழ் போடாமல் அவள் நிம்மதியாகக் குளிக்க முடியும்.