சின்ன வள்ளத்தில் சால்மன்: ஒன்ராறியோ ஏரியில் ட்ரோலிங் தொடங்குபவர்களுக்கு

ஸ்காபரோவின் ப்ளஃபர்ஸ் பார்க் வள்ளத்துறையில் ஓகஸ்ட் மாத விடியலில் நின்றால், பெரிய வாடகை வள்ளங்கள் பத்துப் பன்னிரண்டு தடிகளை முள்ளம்பன்றி மாதிரி நீட்டிக்கொண்டு வெளியே போவதைப் பார்க்கலாம். அதைப் பார்த்துவிட்டு, "எங்கட 14 அடி அலுமினிய வள்ளத்துக்கு இதெல்லாம் சரிவராது" என்று ஆற்று வாய்க்கால் பக்கமே ஒதுங்கிவிடுகிறவர்கள் பலர். சரிவரும். ட்ரோலிங் என்றால், ஓடும் வள்ளத்தின் பின்னால் இரையை இழுத்து மீன் பிடிப்பது. அதற்கு இரண்டு தடி, இரையை ஆழத்துக்கு இறக்கக் கையால் சுற்றும் ஒரு டவுன்ரிகர், வேகத்தில் கட்டுப்பாடு, இவ்வளவுதான் வேண்டும். கடைக்காரர் முதல் இரண்டைப் பற்றித்தான் பேசுவார். மீன் தருவது மூன்றாவது.

முடிச்சுப் போடுவது, லைசென்ஸ் எடுப்பது, மோட்டார் ஓட்டும் அட்டை எல்லாம் உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒன்று மட்டும்: ஒன்ராறியோ மாகாணத்தில் பொதுவாக ஆளுக்கு ஒரு தூண்டில்தான். ஆனால் ஒன்ராறியோ ஏரியில் வள்ளத்திலிருந்து பிடிக்கும்போது ஆளுக்கு இரண்டு போடலாம். எந்த மீன், எத்தனை வைத்துக்கொள்ளலாம் என்பது இனத்துக்கு இனம் மாறும், ஆகவே அந்த வருடத்து விதிமுறைத் தொகுப்பில் 20ஆம் வலயத்தை (ஒன்ராறியோ ஏரி) படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் காற்று

சின்ன வள்ளக்காரருக்கு மீனைவிடக் காற்று முக்கியம். ஏரியின் நீளம் 300 கிலோமீட்டருக்கு மேல். கிழக்குக் காற்று அவ்வளவு தூரத்தையும் உருட்டிக்கொண்டு வந்து ரொறன்ரோக் கரையில் கொட்டும். அன்றைக்கு வீட்டில் நில்லுங்கள். வடக்குக் காற்றில் கரையோரம் தட்டையாகக் கிடக்கும். ஆனால் வெளியே போகப் போக அலை வளரும், திரும்பும்போது அது முகத்தில் அடிக்கும். கடல்சார் வானிலை அறிக்கை 10 நொட்டுக்கு மேல் சொன்னால் நான் வள்ளத்தை இறக்குவதில்லை.

மேற்குக் காற்றுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஒன்றிரண்டு நாள் தொடர்ந்து அடித்தால் மேல்மட்டத்துச் சூட்டுத் தண்ணீர் தெற்கே தள்ளுப்பட்டுப் போக, ஆழத்தில் கிடந்த குளிர் தண்ணீர் வடகரைக்கு ஏறி வரும். நடுக் கோடையிலும் கால் விறைக்கும். குளிப்பவர்களுக்கு அது கெட்ட நாள், நமக்கு விருந்து. சினூக் சால்மனுக்குப் பிடித்த வெப்பம் 10 முதல் 12 பாகை செல்சியஸ். அது சாதாரணமாகக் கரையிலிருந்து வெகு தொலைவில், 80, 100 அடி ஆழத்தில் இருக்கும். காற்று இப்படித் திரும்பினால் 40 அடித் தண்ணீருக்கே மீன் வந்துவிடும். கயிற்றில் கட்டி இறக்கும் மலிவான வெப்பமானி ஒன்று வாங்குங்கள். மீனைத் திரையில் காட்டும் ஃபிஷ்ஃபைண்டரில் தெரியும் வில் வடிவங்களைவிட அது சொல்வதை நம்பலாம்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நல்ல காலம் ஏப்ரலும் மேயும். அப்போது கரையோரத் தண்ணீர்தான் ஏரியிலேயே சூடானது. பிரவுன் ட்ரவுட்டும் கோஹோ சால்மனும் 8 முதல் 20 அடி ஆழத்துக்குள் திரியும். டவுன்ரிகரே வேண்டாம். மெல்லிய மீன் வடிவ இரையை 100 அடிக்கு மேல் பின்னால் விட்டு, ஓடை கலக்கும் கலங்கல் தண்ணீரின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் போனால் போதும். ஆனால் அந்தத் தண்ணீரில் விழுந்தால் குளிர் அதிர்ச்சியில் முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும். உயிர்காப்பு அங்கி உடம்பில் இருக்க வேண்டும், இருக்கைக்குக் கீழே இருந்து பயனில்லை.

சாமான்

இந்த ஏரியின் சொந்த சால்மன், அட்லாண்டிக் சால்மன். ஆலை அணைகளும் காடழிப்பும் கண்டபடி பிடித்ததுமாகச் சேர்ந்து 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதை ஒழித்துவிட்டன. இன்று நாம் துரத்தும் சினூக்கும் கோஹோவும் பசிபிக் பக்கத்து மீன்கள். ஏரியில் பெருகிக் கிடந்த அலிவைஃப் என்ற வெள்ளி நிறச் சின்ன மீனைத் தின்னட்டும் என்று 1960களின் கடைசியில் கொண்டுவந்து விட்டார்கள். சினூக்கின் சாப்பாடு இன்றைக்கும் பெரும்பாலும் அலிவைஃப்தான். ஆகவே இரை வாங்கும்போது நிறத்துக்கு முன்னால் அளவைப் பாருங்கள். நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைந்த மெல்லிய ஸ்பூன் (கரண்டி வடிவ உலோக இரை) சரி. நிறம் மூன்று போதும்: வெள்ளியும் நீலமும், வெள்ளையும் பச்சையும், விடியுமுன் இருட்டுக்கு ஒளிரும் பூச்சு ஒன்று. நூறு ஸ்பூன் அடுக்கிய பெட்டியோடு வருபவர்கள் மாற்றி மாற்றிக் கட்டுவதிலேயே காலையைக் கழிப்பார்கள்.

தடி எட்டரை அடி, நுனியிலிருந்து நடுவரை மெதுவாக வளைகிறதாக இருக்கட்டும். ரீலில் நூல் அளக்கும் கவுண்டர் கட்டாயம்; அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். 20 இறாத்தல் தங்கூசி போதும். பிரெய்ட் என்ற பின்னிய நூலை டவுன்ரிகரில் நான் போடுவதில்லை, தூண்டில் நூலைக் குண்டோடு பிடித்திருந்து மீன் அடித்ததும் விட்டுவிடும் கிளிப்பில் அது வழுக்கும்.

டவுன்ரிகர், குண்டைக் கேபிளில் கட்டி இரையை வேண்டிய ஆழத்துக்கு இறக்கும் கருவி. சின்ன வள்ளத்துக்குக் கையால் சுற்றுவதே மேல். ஸ்கொட்டியின் லேக்ட்ரோலர் மாதிரிச் சின்னது ஒன்று. 8 இறாத்தல் குண்டு காணும். பூட்டும்போது வள்ளத்தின் ஓரத்துக்கு உட்புறம் ஒரு பலகையோ தகடோ வைத்து ஆணி முடுக்குங்கள், வெறும் அலுமினியம் மடங்கும். பிரேக்கை இறுக்கிப் பூட்டாதீர்கள். குண்டு பாறையில் சிக்கினால் கேபிள் தானாக ஓட வேண்டும். இல்லையென்றால் ஓடுகிற வள்ளத்தின் ஓரத்தைத் தண்ணீருக்குள் இழுக்கும்.

இறக்குவது

ஸ்பூனை 20, 25 அடி பின்னால் விடுங்கள். தங்கூசியை விரலில் நாலைந்து முறை முறுக்கி ஒரு சின்ன வளையமாக்கி, அந்த வளையத்தைக் கிளிப்பின் நுனியில் மட்டும் கவ்வ விடுங்கள். ரப்பருக்குள் ஆழமாகத் தள்ளினால் பெரிய சினூக் அடித்தால்தான் விடும். இரண்டு இறாத்தல் கோஹோ மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் இழுபட்டு வந்தாலும் உங்களுக்குத் தெரியாது. பிறகு ரீலைத் திறந்து, பெருவிரலைச் சுருள் மேல் மெதுவாக அழுத்தியபடியே குண்டை இறக்குங்கள். வேண்டிய ஆழம் வந்ததும் ரீலைப் பூட்டி, தடியின் நுனி தண்ணீரைப் பார்த்து நன்றாக வளையும்வரை சுற்றுங்கள். மீன் அடித்தால் தடி சட்டென்று நிமிரும், அடுத்த கணம் மறுபடி வளையும். நிமிர்ந்த உடனேயே கையில் எடுத்துத் தளர்வைச் சுற்றியெடுக்க வேண்டும்.

வேகம்

நெடுநாளாக எனக்குப் பிடிபடாமல் இருந்தது இதுதான். புத்தகத்திலும் படத்திலும் சினூக்குக்கு மணிக்கு 2 முதல் 2.8 மைல், ஏரி ட்ரவுட்டுக்கு அதைவிடக் குறைவு என்று இருக்கும். ஜிபிஎஸ்ஸில் 2.4 என்று வைத்து இழுப்போம். கிழக்கே போகும்போது இரண்டு மீன் வரும். அதே வழியில் மேற்கே திரும்பினால், அதே 2.4, அதே ஸ்பூன், ஒன்றும் வராது.

ஜிபிஎஸ் காட்டுவது வள்ளம் தரைக்கு மேலே நகரும் வேகம். 70 அடி கீழே தண்ணீர் வேறு திசையில் ஓடிக்கொண்டிருக்கலாம். நீரோட்டத்துக்கு எதிரே போனால் ஸ்பூன் உண்மையில் 3 மைலுக்கு மேல் ஓடித் தாறுமாறாகச் சுழலும். கூடவே போனால் ஒன்றரை மைலில் செத்துத் தொங்கும். பெரிய வள்ளக்காரர்கள் குண்டுக்கு மேலேயே வேகமானி பூட்டுவார்கள், அது விலை கூடியது. நமக்கு இலவசமாக ஒன்று இருக்கிறது: டவுன்ரிகர் கேபிள்.

கேபிள் தண்ணீரைத் தொடும் இடத்தில் எவ்வளவு பின்னால் சாய்கிறது என்று பாருங்கள். மீன் அடித்த நேரத்தில் அந்தச் சாய்வு எப்படி இருந்ததோ அதை மனதில் வையுங்கள். வள்ளத்தின் ஓரத்தில் மார்க்கர் பேனையால் ஒரு கோடு போட்டாலும் சரி. திசை திரும்பியதும் ஜிபிஎஸ் எண்ணை மறந்துவிட்டு, கேபிள் அதே சாய்வுக்கு வரும்வரை வேகத்தைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். கிழக்கே 2.4, மேற்கே 1.9 என்று வரலாம். வரட்டும். குண்டின் எடையும் ஆழமும் மாறாத வரைக்கும்தான் இந்தக் கணக்குச் செல்லும். ஆழத்தை மாற்றினால் கோட்டையும் புதிதாகப் போட வேண்டும்.

சரி, ஸ்பூன் நன்றாக ஓடும் வேகம் எது என்று முதலில் எப்படித் தெரியும்? இறக்குமுன் வள்ளத்தின் பக்கத்தில் ஒரு அடி ஆழத்தில் இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து வர வேண்டும், எப்போதாவது ஒரு தடவை புரளலாம். ஓயாமல் சுழன்றால் வேகம் அதிகம்.

நேராக ஓட்டாதீர்கள். பாம்பு போகிற மாதிரி வளைந்து போங்கள். இடப்பக்கம் திரும்பினால் இடப்பக்கத் தூண்டில் மெதுவாகித் தாழும், வலப்பக்கத் தூண்டில் வேகம் பிடித்து மேலே வரும். உள்வளைவில் அடித்தால் மீன் மெதுவாகக் கேட்கிறது, வெளிவளைவில் அடித்தால் வேகமாகக் கேட்கிறது. இரண்டு தடி வைத்திருப்பதன் முழுப் பயன் இதுதான்.

பின்னால் கைப்பிடி உள்ள 20 குதிரைவலு மோட்டார், ஆகக் குறைந்த ஓட்டத்திலும் 3 மைல் போகிறதா? ட்ரோலிங் பை என்று ஒன்று விற்கிறார்கள், தண்ணீரில் குடை மாதிரி விரிந்து வள்ளத்தைப் பிடித்து வைக்கும் துணிப்பை. இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்று, முன்பக்கக் கொழுவியில் கட்டுங்கள். கயிறு எந்தக் காரணத்துக்காகவும் புரொப்பெல்லரை எட்டாத நீளமாக இருக்க வேண்டும். கட்டிவிட்டுக் கரையிலேயே இழுத்து அளந்து பாருங்கள். இதற்காகப் புது மோட்டார் வாங்கப் போகாதீர்கள்.

மீன் மாட்டினால்

மோட்டாரை நிறுத்தாதீர்கள். நின்றால் குண்டு நேரே கீழே தொங்கும், மற்றத் தூண்டில் அதில் சுற்றும், மீனும் தளர்ந்த நூலில் கழன்றுவிடும். ஒருவர் மெதுவாக ஓட்ட, மற்றவர் பிடிக்கட்டும். குண்டை மேலே ஏற்றிவிடுங்கள். சினூக் முதல் ஓட்டத்தில் 200 அடி எடுக்கும், விடுங்கள். வலையைத் தண்ணீருக்குள் முதலே வைத்திருந்து, மீனின் தலையை அதற்குள் கொண்டுவாருங்கள். வாலுக்குப் பின்னால் வலையோடு துரத்தினால் போய்விடும்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு குறிப்பு. மாகாண அரசு ஏரி ஏரியாக, இனம் இனமாக, மீனின் நீளப்படி மாதத்துக்கு எத்தனை தடவை சாப்பிடலாம் என்று வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் தனி, கடுமையான அளவு. பிசிபி என்ற மாசு கொழுப்பில் தங்கும். பெரிய, வயதான மீனில் அது அதிகம். தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் வெட்டிவிட்டு வாட்டினால் கொழுப்பு வடிந்து போகும். குழம்பு வைத்தால் எல்லாம் சட்டிக்குள்ளேயே நிற்கும். குழம்புக்குச் சின்னக் கோஹோவே நல்லது, ருசியும் அதில்தான்.

பிறகு சேர்த்தது

இதைப் படித்துவிட்டுப் போன சிலர் ஒரே கேள்வியோடு வந்தார்கள்: ஜூலையில் தங்கூசி முழுக்க ஈரப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு வருகிறது, தடியின் முதல் வளையத்தில் அடைத்து மீனைச் சுற்றவே முடியவில்லை. அது பாசி இல்லை. வாலில் கொக்கியும் முள்ளும் உள்ள நீர்த்தெள்ளுகள், வெளிநாட்டுக் கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவரும் தண்ணீரோடு பேரேரிகளுக்கு வந்தவை. தூண்டில் நூலில் வால் கொழுவிக் குவியும். 20 இறாத்தல் தங்கூசியில் மோசமாக ஒட்டும். அவை வரும் காலத்துக்கு மட்டும் 30 இறாத்தலுக்கு மாறினால் வெகுவாகக் குறையும். அப்படியும் வந்தால், நூலைத் தண்ணீரில் வைத்தபடியே தடி நுனியை மேலும் கீழும் ஆட்டி உதறுங்கள். குவிந்த பிறகு வளையத்தில் இழுத்தால் அறும், பெருவிரல் நகத்தால் வழித்தெடுப்பதுதான் வழி. இருட்டோடு இறங்குபவர்கள் நெற்றி விளக்கு ஒன்றும் வைத்திருங்கள், இல்லாவிட்டால் அடைத்திருப்பதே தெரியாது.