லண்டனில் வீடு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விசா வந்த அன்றே லண்டனில் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டிவிடத் துடிப்பவர்கள் நிறையப் பேர். கட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் வந்த நாலு படத்தை நம்பி ஊரிலிருந்தே பணம் அனுப்பி ஏமாறுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். படத்தில் உள்ள வீடு நிஜமாகவே இருக்கும். அனுப்பிய ஆளுக்கும் அதற்கும்தான் சம்பந்தம் இருக்காது. "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களுக்குத் தற்காலிகமாக ஓர் அறை போதும். உறவுக்காரர் வீடு இருந்தால், கொஞ்சம் சங்கடமானாலும், அங்கேயே தங்கிக்கொண்டு தேடலாம்.

அடுத்தது, கேட்ட பணத்தையெல்லாம் கொடுப்பது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இங்கே எவ்வளவு கேட்டாலும் குறைவாகத்தான் தெரியும். ஆனால் இங்கிலாந்தில் 2019 முதல் சட்டப்படி வரம்பு உண்டு. ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குள் இருந்தால் டெபாசிட் ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது. வீட்டைப் பிடித்துவைக்க வாங்கும் தொகை ஒரு வார வாடகைதான். ஏஜென்ட் தன் பேப்பர் வேலைக்கென்று உங்களிடம் தனிக் கட்டணம் வாங்க முடியாது. டெபாசிட்டை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்த்து, விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். இங்கே கடன் வரலாறு இல்லாத புதியவர்களிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்கும் வழக்கமும் இருந்தது. 2026 மே 1 முதல் போடும் ஒப்பந்தங்களில் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டிக் கேட்கக் கூடாது.

ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. வீட்டுக்காரர் குடியிருக்கும் அதே வீட்டில் ஓர் அறை மட்டும் எடுத்தால், டெபாசிட் பாதுகாப்புத் திட்டம் உங்களுக்குப் பொருந்தாது. ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் தமிழ்க் குடும்பங்களோடு அறை எடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். நம்ம ஊர்க்காரர்தானே என்று ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்புங்கள், இரண்டு வரியாவது எழுதி வாங்குங்கள். நல்ல மனிதர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டைப் பகலில் போய்ப் பாருங்கள். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வேலை முடிந்து ஆறு மணிக்குப் போனால் விளக்கு வெளிச்சத்தில் எல்லாச் சுவரும் வெள்ளையாகத்தான் தெரியும். அலமாரியைக் கொஞ்சம் நகர்த்தி, வெளிச்சுவரின் கீழ்மூலையைப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பூஞ்சை. அந்த மூலையில் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. வீட்டின் எரிசக்திச் சான்றிதழையும் கேளுங்கள். ஏ முதல் ஜி வரை தரம் போட்டிருக்கும்; பொதுவாக, வாடகைக்கு விட குறைந்தது ஈ வேண்டும். ஈ தர வீட்டில் வாடகையில் மிச்சம் பிடித்ததை ஜனவரியில் ஹீட்டர் தின்றுவிடும்.

சமையலறையையும் நம் கண்ணோடு பாருங்கள். ஹாலோடு சேர்ந்த திறந்த சமையலறையில் வரமிளகாய் தாளித்தால் புகை அலாரம் அலறும். வெள்ளை மேடையில் சிந்திய மஞ்சள் தூளை உடனே துடைக்காவிட்டால், அந்தக் கறை காலி செய்யும் நாளில் டெபாசிட்டிலிருந்து கழியும். குடிபுகும் நாளில் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, அன்றே ஏஜென்டுக்கு மெயில் அனுப்பிவிடுங்கள். பழைய கறைக்கும் கீறலுக்கும் உங்களிடம் பணம் பிடிக்க முடியாது.

வாடகையை மட்டும் வைத்துக் கணக்குப் போடுவதும் தவறு. கவுன்சில் வரியைக் கட்ட வேண்டியது பொதுவாகக் குடியிருப்பவர்தான். ஒரே மதிப்புப் பிரிவில் உள்ள வீட்டுக்கும் பரோவுக்குப் பரோ, அதாவது லண்டனின் உள்ளாட்சிப் பகுதிக்குப் பகுதி, இந்த வரி மாறும். தனியாக இருந்தால் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. எல்லோரும் முழுநேர மாணவர்கள் என்றால் வரியே இல்லை. ஆனால் இதைக் கவுன்சிலிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், தானாகக் குறையாது. பயணச் செலவும் இருக்கிறது. ரயிலில் போகிறவர்கள் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒரே வங்கி கார்டையே கருவியில் தொடுங்கள். உள்ளே கார்டு, வெளியே போன் என்றால், இரண்டும் அதே வங்கிக் கணக்காக இருந்தாலும், பாதியில் நின்ற இரண்டு பயணங்களாக எண்ணி அதிகக் கட்டணம் பிடிப்பார்கள்.

முகவரிச் சான்று இல்லையே என்று ஜிபியிடம், அதாவது உள்ளூர்க் குடும்ப மருத்துவரிடம், பதியாமல் இருந்துவிடாதீர்கள். பதிவதற்கு அது கட்டாயமில்லை. வாக்காளர் பட்டியலையும் விட்டுவிடாதீர்கள். இந்தியர்களும் இலங்கையர்களும் காமன்வெல்த் குடிமக்கள் என்பதால், விசாவில் இருந்தாலே இங்கே பெயர் சேர்க்கலாம், ஓட்டும் போடலாம். இணையத்தில் சில நிமிட வேலைதான். கடன் வரலாறு பார்க்கும் நிறுவனங்கள் உங்கள் முகவரியை அந்தப் பட்டியலிலும் சரிபார்க்கின்றன. அடுத்த வீட்டுக்கு விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும்.