எடிட்டிங் சாஃப்ட்வேருக்குக் காசு கொடுக்கும் முன் ட்ரையலில் என்ன பார்க்க வேண்டும்?

வீடியோ எடிட்டிங் சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று தோன்றியதுமே பலர் ட்ரையலை இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அடோபியின் பிரீமியர் புரோவுக்குக் கிடைப்பது 7 நாள்தான், நாலு மெனுவைத் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் உட்காரலாம் என்று விட்டால் அந்த வாரம் போனது போனதுதான். ஃபைனல் கட் புரோவுக்கு மேக் வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்புக்கு நாள் கணக்கே கிடையாது, என்னைக் கேட்டால் முதலில் அதைப் போட்டுப் பார்க்கத்தான் சொல்வேன்.

எதுவானாலும் ட்ரையலைத் தொடங்கும் முன் ஒரு முழு வேலையைத் தயாராக எடுத்து வையுங்கள். பளிச்சென்ற சாம்பிள் கிளிப் வேண்டாம், அது எதில் போட்டாலும் நன்றாகத்தான் ஓடும். கல்யாண மண்டபத்து மங்கல் வெளிச்சத்தில் எடுத்த 4கே ஃபுட்டேஜ், இரண்டு கேமரா, தனியாக ரெக்கார்டு செய்த ஆடியோ, இவற்றை உங்கள் சொந்த கம்ப்யூட்டரில் ஏற்றி இம்போர்ட்டிலிருந்து எக்ஸ்போர்ட் வரை ஒரு தடவை போய் வாருங்கள். டைம்லைன் திக்குகிறதா, இரண்டு கேமராவும் ஆடியோவும் சரியாக சிங்க் ஆகிறதா, எக்ஸ்போர்ட்டுக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் டைட்டிலைக் கட்டாயம் சோதியுங்கள். "ஸ்ரீ", "கொண்டாட்டம்" என்று யூனிகோடில் அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாகப் போய் நின்றால் உடனே சாஃப்ட்வேரைக் குறை சொல்ல வேண்டாம், செட்டிங்கில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வு இருக்கிறதா என்று தேடி, ஃபான்ட்டையும் மாற்றிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லையென்றால் ஒவ்வொரு வீடியோவுக்கும் இதே தலைவலிதான்.

ரிசால்வின் ஸ்டுடியோ பதிப்பு 295 டாலர், ஒரே தடவை கட்டினால் போதும். அதில் மட்டும் உள்ள நாய்ஸ் ரிடக்ஷனை இலவசப் பதிப்பில் போட்டால் படத்தின் மேல் வாட்டர்மார்க் விழும். விழட்டும். இருட்டு ஷாட்டில் புள்ளி புள்ளியாகத் தெரிவது எவ்வளவு அடங்குகிறது என்று கண்ணால் பார்க்க அது போதும், அதைப் பார்த்துவிட்டே காசைப் பற்றி யோசிக்கலாம்.

பிரீமியர் ட்ரையலுக்கு கார்டு நம்பர் கொடுக்க வேண்டும், நாள் முடிந்ததும் பணம் தானாகப் போய்விடும். அதனால் தொடங்கிய அன்றே மொபைலில் ஆறாம் நாளுக்கு அலாரம் வையுங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் தேர்ந்தெடுக்கும் பிளான். மாதாமாதம் கட்டுகிற வருட ஒப்பந்தம் விலை குறைவாகத் தெரியும், ஆனால் வாங்கி 14 நாள் கழிந்த பிறகு நிறுத்தினால் மீதித் தொகையில் பாதியைக் கேட்பார்கள். இந்தக் கட்டணத்தை வாடிக்கையாளரிடம் மறைக்கிறார்கள் என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்கே தொடுத்தது. முகூர்த்த மாதங்களில் மட்டும்தான் உங்களுக்கு வேலை என்றால், விலை கூடுதலாக இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய மாத பிளானைப் போட்டு, வேலை இல்லாத மாதம் நிறுத்திவிடுங்கள்.